எண்பது ஸ்டட்கள்: சயானோ-சூஷென்ஸ்கயா இரண்டாம் அலகின் அதிர்வும் உலோகச் சோர்வும்

2009 ஆகஸ்ட் 17, உள்ளூர் நேரம் காலை 8.13. ரஷ்யாவில் யெனிசெய் ஆற்றின் குறுக்கே இருக்கும் சயானோ-சூஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகின் டர்பைன் மூடி பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பியது. அதோடு 900 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாரும் குழியை விட்டு எழும்பியது, அந்தக் குழி வழியாகவே அணைத் தண்ணீர் இயந்திரக் கூடத்துக்குள் பாய்ந்தது. 75 பேர் இறந்தார்கள். 10 அலகுகள், மொத்தம் 6,400 மெகாவாட் கொண்ட நிலையம் சில நிமிடங்களில் முழுதாக நின்றுபோனது.

சுழலும் இயந்திரங்களில் அதிர்வு பார்க்கிறவர்கள் இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள்: டர்பைன் பேரிங்கின் அதிர்வு 840 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அனுமதிக்கப்பட்ட அளவு 160, இயந்திரம் காட்டியது 840, யாரும் நிறுத்தவில்லை, அதனால் வெடித்தது, முடிந்தது கதை. எனக்கு இந்தக் கதை போதவில்லை. அந்த எண்ணை நம்பலாமா என்பதே ஒரு பெரிய கேள்வி. அதைவிட முக்கியம், அந்த எண் சரியாகவே இருந்திருந்தாலும், ஏன் 160க்குக் கீழேயே இருந்திருந்தாலும், அந்த மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்டட்களின் (நட்டு போட்டு முறுக்கும் தடித்த மரைக் கம்பிகளின்) நிலைமை மாறியிருக்காது. அதிர்வு அளவீடு ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, உலோகத்தின் நிலை வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிற இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

இயந்திரம் எப்படிப்பட்டது

முதலில் அலகைப் பற்றிக் கொஞ்சம். செங்குத்துத் தண்டு, கீழே பிரான்சிஸ் டர்பைன், மேலே ஜெனரேட்டர், 640 மெகாவாட். வேகம் நிமிடத்துக்கு 142.86 சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இந்த வேகத்தில் 42 காந்தத் துருவங்கள் வேண்டும். நொடிக்குக் கணக்குப் போட்டால் 2.38 சுற்று. இந்த 2.38 ஹெர்ட்ஸ் என்கிற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தண்ணீர் சுழற்றும் சக்கரமான ரன்னருக்கு மேலே, தண்ணீரையும் இயந்திரக் கூடத்தையும் பிரிப்பது டர்பைன் மூடி. அதைச் சுற்றி வட்டமாக 80 ஸ்டட்கள், ஒவ்வொன்றும் 80 மில்லிமீட்டர் விட்டம். விபத்தன்று நீர்மட்ட உயர வேறுபாடு 212 மீட்டர், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 21 கிலோ அழுத்தம் தரக்கூடிய தண்ணீர். மூடியின் அடிப்பகுதி முழுக்க அதே அழுத்தம் இருக்காது, நடுவை நோக்கிப் போகப் போகக் குறையும், ஆனால் மூடியின் பரப்பை நினைத்துப் பார்த்தால் அந்த ஸ்டட்கள் இரவு பகலாக எவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தன என்பது புரியும்.

அலகு ஓடத் தொடங்கியது 1979ல். தயாரிப்பாளர் கொடுத்த ஆயுள் 30 வருடம், அது முடிகிற வருடத்தில்தான் விபத்து நடந்தது. ஆரம்ப காலத்தில், அணை முழு உயரத்துக்கு வராதபோதே மின்சாரம் எடுக்க வேண்டும் என்பதற்காக, முதல் இரண்டு அலகுகளையும் தற்காலிக ரன்னர் மாட்டிக் குறைந்த நீர்மட்டத்தில் ஓட்டியிருக்கிறார்கள். எந்த இயந்திரத்தின் தேய்மானத்தை மதிப்பிட உட்கார்ந்தாலும் இந்த மாதிரி பழைய வரலாறுதான் முதலில் கைக்கு வர வேண்டும், பெரும்பாலும் அது கடைசியில்தான் வரும் அல்லது வராமலே போகும். உலோகத்துக்கு எதுவும் மறக்காது.

அந்த இரவு

16ஆம் தேதி பிராட்ஸ்க் நீர்மின் நிலையத்தில் தீ விபத்து. தகவல் தொடர்பு அறுந்ததால், மின்தொகுப்பின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பச் சுமையைக் கூட்டிக் குறைக்கும் வேலை சயானோவுக்கு வந்தது. அங்கே அந்த வேலைக்கு முன்னுரிமை அலகாக இரண்டாம் அலகைப் போட்டார்கள். அதாவது இரவு முழுக்க அது தானாகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஏறி இறங்குவதில் என்ன தப்பு? பிரான்சிஸ் டர்பைன் எல்லாச் சுமையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. 212 மீட்டர் நீர்மட்டத்தில் இந்த அலகுக்கு 570 முதல் 640 மெகாவாட் வரை நல்ல மண்டலம். 265 முதல் 570 வரை இருக்கக் கூடாத மண்டலம், சீக்கிரம் கடந்துவிட வேண்டும். காரணம், பகுதிச் சுமையில் ரன்னரை விட்டு வெளியேறும் தண்ணீர் சுழன்றுகொண்டே இறங்கும். ரன்னருக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் குழாயான டிராஃப்ட் டியூபுக்குள் அது ஒரு திருகிய கயிறு போல உருவெடுத்து, அந்தக் கயிறே ஒரு வேகத்தில் வட்டமடிக்கும். அந்த வேகம் பொதுவாகச் சுழற்சி வேகத்தில் 0.2 முதல் 0.4 மடங்கு. 2.38 ஹெர்ட்ஸில் இதைப் போட்டால் ஏறத்தாழ 0.5 முதல் 0.95 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஒரு தடவைக்கும் குறைவாக, ஆனால் பெரிய அடியாக, அழுத்தம் துடிக்கும். அந்தத் துடிப்பு ரன்னர், தண்டு, மூடி எல்லாவற்றையும் உலுக்கும், மூடி வழியாக ஸ்டட்களையும்.

இங்கே அளவீட்டுக்காரர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சாதாரணத் தொழிற்சாலை மோட்டார்களுக்குப் பயன்படும் அதிர்வுக் கருவிகளில் பல 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகக் காட்டாது. 0.7 ஹெர்ட்ஸ் துடிப்பை அவை வெட்டி எறிந்துவிட்டு 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று காட்டும். மெதுவாகச் சுற்றும் நீர்மின் அலகுகளில் இடப்பெயர்ச்சியை மைக்ரானில் பார்ப்பதும், தண்டைத் தொடாமல் அதன் அசைவைப் பிடிக்கும் சென்சார்களை ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வைப்பதும் இதனால்தான். இன்றைக்கு இந்த வகை இயந்திரங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 20816-5 தனியாக இருக்கிறது. கருவி எந்த அதிர்வெண்ணிலிருந்து பார்க்கத் தொடங்குகிறது என்று கேட்காமல் எந்த அதிர்வு அறிக்கையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, காலை 8.13க்கு வருவோம். சுமை இறங்கிக்கொண்டிருந்தது, 475 மெகாவாட்டில், அதாவது கூடாத மண்டலத்தின் நடுவில் இருந்தபோது மூடி போனது.

840 என்கிற எண்

ரஷ்யாவின் தொழில்நுட்பப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்டெக்நாட்சோரின் விசாரணை அறிக்கை 2009 அக்டோபர் 3ஆம் தேதி வெளிவந்தது. 8.00 மணியிலிருந்து 8.13 வரை டர்பைன் பேரிங்கின் அதிர்வு 600லிருந்து 840 மைக்ரானுக்கு ஏறியது, அனுமதி 160 என்று அதில் இருக்கிறது. இந்த ஒரு வரிதான் உலகம் முழுக்கச் சுற்றியது.

ஆனால் அந்த எண்ணைக் கொடுத்தது ஒரே ஒரு சென்சார். அலகில் இருந்த மற்ற சென்சார்கள் அதே சமயத்தில் அப்படி ஒரு தாவலைக் காட்டவில்லை. அதோடு அந்தக் குறிப்பிட்ட சென்சார், அலகு நின்றிருந்த நேரங்களிலும் பெரிய அதிர்வைக் காட்டிக்கொண்டிருந்தது. நின்ற இயந்திரத்தில் அதிர்வு காட்டுகிற சென்சாரை எப்படி நம்புவது? கேபிள் கெட்டிருக்கலாம், பொருத்திய கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், ஏதாவது மின் இரைச்சல் புகுந்திருக்கலாம். உண்மையிலேயே பேரிங் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆடியிருந்தால் அதே தண்டில் மேலே இருக்கும் ஜெனரேட்டர் பேரிங்குகளிலும் அதன் சுவடு தெரிந்திருக்க வேண்டும்.

சந்தேகமான ரீடிங்கைச் சோதிக்கப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். இயந்திரம் நிற்கும்போது பூஜ்யம் வருகிறதா? அதே பேரிங்கில் 90 டிகிரி தள்ளி இருக்கும் ஜோடி சென்சார் என்ன சொல்கிறது? இரண்டையும் சேர்த்தால் தண்டின் பாதை ஒரு ஒழுங்கான வட்டமோ நீள்வட்டமோ ஆகிறதா, இல்லை அர்த்தமில்லாத கிறுக்கலா? அதிர்வெண் பிரித்துப் பார்த்தால் 2.38 ஹெர்ட்ஸில் ஏதாவது நிற்கிறதா, இல்லை எல்லா இடத்திலும் பரவிய இரைச்சலா? ஒரு ஷிஃப்ட் நேரத்தில் முடிகிற வேலை இது.

நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். ரீடிங் உண்மை என்றால், அனுமதியைப் போல நான்கு ஐந்து மடங்கில் ஓடிய இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. ரீடிங் பொய் என்றால், பொய் சொல்கிற சென்சாரோடு 640 மெகாவாட் இயந்திரத்தை ஓட்டினார்கள், யாரும் மாற்றவில்லை. இரண்டுமே ஒரே நோயின் அறிகுறிகள். 2009ல் அந்த அலகில் தொடர் அதிர்வுக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள், ஆனால் அது முறைப்படி பயன்பாட்டுக்கு வரவில்லை, ஓட்டுநர்கள் முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுக்கவும் இல்லை. அளவு ஏறினால் யார் நிறுத்துவது, எத்தனை விநாடிக்குள் நிறுத்துவது, தானாக டிரிப் ஆகுமா (இயந்திரம் தானே நின்றுவிடுமா) என்ற ஏற்பாடு இல்லாமல் மாட்டிவைத்த சென்சார் பாதுகாப்பு சாதனம் ஆகாது.

உடைந்த உலோகம் சொன்னது

இனி ஸ்டட்கள். 80ல் 49 கிடைத்தன. அவற்றில் 41ல் உலோகச் சோர்வினால், அதாவது திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால், உண்டான விரிசல். 8 ஸ்டட்களில் சோர்வு விரிசல் குறுக்குவெட்டுப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிட்டிருந்தது. 6 ஸ்டட்களில் மரை சிதையாமல் அப்படியே இருந்தது, அதாவது உடைந்த நேரத்தில் அவற்றின் மேல் நட்டே இல்லை.

சோர்வு முறிவை ஒருதடவை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. விரிசல் பெரும்பாலும் மரையின் அடிப்பள்ளத்தில், நட்டுக்குள் முதலில் சுமை ஏறும் ஓரிரண்டு சுற்றுகளில் தொடங்கும். அங்கிருந்து உள்நோக்கி வழவழப்பான பரப்பு, அதில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக. சுமையின் நிலை மாறிய இடங்களையும் இயந்திரம் நின்று மீண்டும் ஓடிய இடங்களையும் அந்தக் கோடுகள் காட்டும். பழைய பகுதி துருவேறிக் கறுத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறிய துண்டு மட்டும் சொரசொரப்பாக, புதிதாக உடைந்தது போல இருக்கும், அதுதான் கடைசி நொடியில் ஒடிந்த பகுதி. இந்த ஸ்டட்களில் சிலவற்றில் அந்தக் கடைசிப் பகுதி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 80 மில்லிமீட்டர் ஸ்டட்டில் பத்தில் ஒரு பங்கு பரப்பு என்றால் அது 25 மில்லிமீட்டர் கம்பிக்குச் சமம். வெளியிலிருந்து பார்த்தால் நட்டு உட்கார்ந்திருக்கும், பெயின்ட் அழகாக இருக்கும், உள்ளே கால் அங்குலம் அரை அங்குலமாக உலோகம் குறைந்துகொண்டே வந்திருக்கும். இப்படிப்பட்ட பரப்பு ஒரு இரவில் உருவாகாது.

நட்டு இல்லாத ஆறு ஸ்டட்களும் அதே கதையின் இன்னொரு பக்கம். நன்றாக இழுத்து முறுக்கிய ஸ்டட்டில், வெளியிலிருந்து வரும் துடிப்பின் சிறு பங்கு மட்டும்தான் ஸ்டட்டுக்குப் போகும், மீதியை அழுத்தப்பட்டிருக்கும் ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) வாங்கிக்கொள்ளும். முறுக்கு தளர்ந்ததும் அந்தத் துடிப்பு முழுவதும் ஸ்டட்டின் மேல் விழும். தகரத் துண்டை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிற மாதிரி, சராசரிச் சுமையைவிட ஏற்ற இறக்கத்தின் அளவுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதுவும் நேர்க்கோட்டில் குறைவதில்லை. விரிசல் வளரும் வேகம் ஏற்ற இறக்கத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறும் என்று எடுத்துக்கொண்டால், ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. இனி எண்ணிக்கையைப் பாருங்கள்: 142.86 சுற்று என்றால் மணிக்கு 8,571, ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் ஏழரைக் கோடி. மெதுவான இயந்திரம் என்று சொல்லிக்கொள்வோம், ஆனால் முப்பது வருடத்தில் சேரும் சுற்றுகள் நூறு கோடியைத் தாண்டும். ஒரு நட்டு தளர்கிறது, அதன் பங்கை இரண்டு பக்கத்து ஸ்டட்களும் வாங்கிக்கொள்கின்றன, அவற்றில் ஒன்று விரிகிறது, அடுத்ததற்குச் சுமை கூடுகிறது. 

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பேரிங்கில் உட்கார்ந்திருக்கும் சென்சார் என்ன காட்டும்? பெரும்பாலும் எதுவும் காட்டாது. 80 ஸ்டட்களில் பத்து போனாலும் மூடி இன்னும் கெட்டியாகத்தான் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் ஒரு ஸ்டட் விட்ட இடத்தில் மற்றவை பிடித்துக்கொள்ளும். அதிர்வு அளவீடு இந்தக் கணத்தில் என்ன விசை என்ன அசைவை உண்டாக்குகிறது என்பதைச் சொல்லும். கடந்த முப்பது வருடத்தில் சேர்ந்த விரிசலை அது சொல்லாது. அது தெரியவரும் நேரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

அதிர்வு அளவீடு எதற்கு உதவும்

அளவீடே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து விசை வருகிறது என்று பிரிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. நீர்மின் அலகில் மூன்று மூலங்கள்: இயந்திரச் சமநிலைக் குறை, காந்த விசை, தண்ணீர். முதலில் எக்ஸைட்டேஷன் (ரோட்டாரைக் காந்தமாக்கும் மின்னோட்டம்) இல்லாமல், சுமை இல்லாமல் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். சுழற்சி அதிர்வெண்ணில் உள்ள பகுதி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறினால் அது சமநிலைக் குறை. அப்புறம் அதே வேகத்தில் எக்ஸைட்டேஷனைக் கொடுங்கள். அந்தக் கணத்திலேயே அதிர்வு மாறினால் ரோட்டாருக்கும் அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இல்லை, அல்லது ஒரு துருவத்தின் சுருள் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஸ்டேட்டர் கோரில் 100 ஹெர்ட்ஸில் ஏதாவது தூக்கலாக இருந்தால் கோரின் தகடுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சுமையைப் படிப்படியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்தி. இப்போது வருகிற 0.5 முதல் 0.95 ஹெர்ட்ஸ் தண்ணீருடையது. இந்த மூன்றையும் கலந்து ஒரே எண்ணாக எழுதி, அதை ஒரே வரம்போடு ஒப்பிட்டு, 'சரி' என்று டிக் போடுகிற பழக்கத்தால்தான் அறிக்கைகள் பயனில்லாமல் போகின்றன.

2009 ஜனவரி முதல் மார்ச் வரை இந்த அலகு பழுதுபார்ப்பில் இருந்தது. ரன்னரில் குமிழிக்குழிவு (தண்ணீரில் உண்டாகும் குமிழிகள் உடைந்து உலோகத்தை அரிப்பது) தின்ற பள்ளங்களையும் விரிசல்களையும் வெல்டிங் வைத்து அடைத்தார்கள். ரன்னரில் விரிசல் இருக்கும் என்று தெரிந்து அதைத் தேடிப் பார்த்தவர்கள், அதே தண்ணீர் அதே துடிப்போடு அடித்துக்கொண்டிருந்த மூடியின் ஸ்டட்களை அல்ட்ராசோனிக் (மீயொலி) வைத்துச் சோதிக்கவில்லை. ரன்னர் சுழல்கிறது, அதனால் அது தேயும் உறுப்பு. ஸ்டட் நிற்கிறது, அதனால் அது வெறும் பொருத்துறுப்பு. இப்படிப் பிரிக்கிற மனநிலை பல இடங்களில் இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் 1983லேயே, இன்றைய தஜிகிஸ்தானில் இருக்கும் நூரெக் நீர்மின் நிலையத்தில், டர்பைன் மூடி ஸ்டட்கள் அறுந்து தண்ணீர் உள்ளே வந்திருந்தது. அந்தப் பாடம் அங்கேயே தங்கிவிட்டது.

விபத்துக்குப் பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் டிரிப் ஏற்பாட்டோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. மின் இணைப்பு போனதும் பாதுகாப்புச் சுற்றுகளும் கூடவே செத்தன. ஐந்தாம் அலகை மட்டும் முறைப்படி நிறுத்த முடிந்தது. தண்ணீர் வரும் வாயில்களை அணையின் உச்சியில் ஊழியர்கள் கையால் இறக்கினார்கள், முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதிர்வு ஏறினால் டிரிப் ஆகும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தால் போதாது, அந்த டிரிப் சமிக்ஞைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

மார்ச் மாதப் பழுதுபார்ப்புக்குத் திரும்புகிறேன். 80 ஸ்டட்களையும் சோதிக்க நேரமில்லை, ஆளில்லை என்று வாதம் வரும். ஸ்டட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை, மேல்முனையைச் சுத்தம் செய்து, கொஞ்சம் ஜெல் தடவி, புரோபை வைத்தால் ஒலி கீழே போய்த் திரும்பும், வழியில் விரிசல் இருந்தால் எதிரொலி முன்னதாகவே வரும். கிடைத்த 49ல் 41ல் விரிசல் என்ற கணக்கை வைத்துப் பாருங்கள். ஏதோ இரண்டு ஸ்டட்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சோதித்தால், இரண்டுமே விரிசல் இல்லாதவையாக இருக்கும் வாய்ப்பு நூறில் இரண்டரைக்கும் குறைவு. நான்கை எடுத்தால் அது பத்தாயிரத்தில் மூன்று அல்லது நான்கு. மார்ச்சில் விரிசல்கள் ஆகஸ்டில் இருந்ததைவிடச் சிறியவையாக இருந்திருக்கும், சில தொடங்கியே இருக்காது, ஆகவே உண்மையான வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் மாறும். அப்படியே இருந்தாலும் நான்கு ஸ்டட்கள், ஒரு ஆள், ஒரு புரோப், அரை நாள். பழுதுபார்ப்பு முடிந்து விபத்து நடக்க ஐந்து மாதம் இருந்தது. 80 புது ஸ்டட்கள் கடைந்து மாற்ற அந்த ஐந்து மாதம் தாராளமாகப் போதும்.